யாருக்காக இந்தச் சண்டை?

'விக்ரம்' முதல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வரை... காசு கொடுத்துப் படம் பார்க்கும் ஒரு சாதாரண ரசிகரின் கணக்கு

தன் வீட்டுக் குப்பைத்தொட்டி காணாமல் போய்விட்டது என்று சலூன்காரர் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் வந்து நிற்கிறார். அந்தத் தொட்டிக்கு லட்சுமி என்று பெயர். கேட்கிற போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், அதட்டுகிறார்கள், அடித்தும் பார்க்கிறார்கள். அவர் நகர்வதாக இல்லை. சொன்னதையே சொல்கிறார். கண்டுபிடித்துத் தந்தால் லட்சக்கணக்கில் பணம் தருகிறேன் என்கிறார். குப்பைத்தொட்டிக்கு இவ்வளவு பணமா என்று ஸ்டேஷனுக்குச் சந்தேகம் வருகிறது. நமக்கும் வருகிறது. அந்தச் சந்தேகத்தின் வழியாகத்தான் அவர் வீட்டுக்குள் நாம் போகிறோம்.

2024 ஜூன் 14 அன்று வெளியான 'மகாராஜா' இது. விஜய் சேதுபதியின் 50ஆவது படம். இயக்கம் நித்திலன் சாமிநாதன். ஐம்பதாவது படம் என்றால் கதாநாயகன் வந்து இறங்குகிற காட்சிக்கே பத்து நிமிடம் ஒதுக்குவது வழக்கம். இதில் நாயகன் ஸ்டேஷன் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் முதல்முறை கையை ஓங்கும்போது அரங்கம் அதிர்ந்ததற்குக் காரணம், அதுவரை அவர் வாங்கியது எல்லாம் நம் கணக்கிலும் ஏறியிருந்ததுதான்.

கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆக்‌ஷன் படங்களையும் குடும்பப் படங்களையும் வரிசையாக நினைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அடிப்பவனும் அடிபடுபவனும் யார் என்று நமக்குத் தெரிந்தால் ஒரே ஓர் அறை போதும். தெரியாவிட்டால் நூறு பேர் பறந்து விழுந்தாலும் வலிக்காது. ரசிகர்கள் மாறிவிட்டார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்றே புரியவில்லை என்று திரையுலகில் அடிக்கடி பேசுகிறார்கள். எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை இந்தப் படங்களே சொல்லிவிட்டன.

அடிக்கு முன்னால் ஒரு வாழ்க்கை

இந்தக் காலத்து ஆக்‌ஷன் படங்களுக்குப் பாதை போட்டது 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'. ஒரே இரவு, ஒரு லாரி. பாட்டு இல்லை, நாயகியும் இல்லை. சிறையிலிருந்து வந்த டில்லிக்கு ஒரே ஆசைதான், பெற்ற மகளை முதல்முறையாகப் பார்க்க வேண்டும். வாளியிலிருந்து பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிற அந்த ஒரு காட்சியில், பத்து வருடம் உள்ளே இருந்த மனிதன் எப்படிப் பசித்திருப்பான் என்பதைக் கார்த்தி காட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த லாரியை யார் மறித்தாலும், மறிப்பது மகளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நிற்பவன் என்றே நாம் பார்த்தோம். அதே படத்தில் கமிஷனர் அலுவலகத்தைக் காப்பாற்றுவது ஜார்ஜ் மரியான் நடித்த கான்ஸ்டபிள் நெப்போலியன். கையில் கிடைத்த சில கல்லூரி மாணவர்களை வைத்துக்கொண்டு கதவை அடைத்து நிற்கிறார். நகைச்சுவை வேடங்களில் பார்த்துப் பழகிய ஒருவருக்கு அரங்கம் எழுந்து கைதட்டியது.

'கைதி'யை இயக்கிய லோகேஷ் கனகராஜ் அதே பாடத்தை 2022 ஜூன் 3 அன்று வந்த 'விக்ரம்' படத்தில் பெரிய அளவில் எழுதினார். கமல், ஃபகத் ஃபாசில், விஜய் சேதுபதி என்று பெரிய கூட்டம். ஆனால் அந்தப் படத்தின் உயிர், சத்தம் ஆகாத ஒரு பேரக்குழந்தை. துப்பாக்கிகள் முழங்கும் படத்தில் குழந்தையின் காதுக்குச் சத்தம் போகக் கூடாது என்று தாத்தா தவிக்கிறார். எதிரிகள் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, குழந்தை எழுந்துவிடுமோ என்று நாம் பயப்பட ஆரம்பிக்கிறோம். வீட்டு வேலை செய்யும் வயதான பெண்ணாக அதுவரை ஓரத்தில் நின்றவர், ஏஜென்ட் டீனாவாகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு இறங்குவது இன்னொரு பெரிய கைதட்டல். பல ஆண்டுகள் நடன அமைப்பில் இருந்த வசந்தியை அந்த ஒரு காட்சி தமிழ்நாடு முழுக்க அறிமுகம் செய்துவிட்டது.

2023 ஆகஸ்ட் 10 அன்று வந்த 'ஜெயிலர்' படத்தின் முதல் அரை மணி நேரமும் இப்படித்தான். ரஜினி அதில் பேரனோடு சேர்ந்து யூடியூப் வீடியோ எடுக்கிற ரிட்டயர்டு தாத்தா. மகன் போலீஸ் அதிகாரி. மகனைக் காணவில்லை என்றதும் தாத்தாவின் முகம் மாறுகிறது. அந்த மாற்றத்துக்காகத்தான் இயக்குநர் நெல்சன் அரை மணி நேரம் செலவு செய்திருக்கிறார். அது வீண் போகவில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்பு வந்த 'மாவீரன்' என்னைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் அருமையான யோசனை. மடோன் அஸ்வின் இயக்கிய அந்தப் படத்தில் சிவகார்த்திகேயன் பயந்தாங்கொள்ளி. பத்திரிகைக்குப் படக்கதை வரைபவர். குடிசைப்பகுதியிலிருந்து அவர் குடும்பத்தைக் கொண்டுபோய் அடுக்குமாடியில் வைக்கிறார்கள். சுவரைத் தொட்டால் பூச்சு கையோடு வருகிறது. 2021இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் பூச்சு உதிர்ந்ததைச் செய்திகளில் பார்த்த எவருக்கும் அந்தச் சுவர் தெரியும். நாயகனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரல் சொல்கிறபடி, மேலே பார்த்துக்கொண்டே சண்டை போடுகிறார். வீரம் அவருடையது இல்லை, எங்கிருந்தோ வருகிறது. கடைசியில் அது அவருடையதாக ஆக வேண்டும். வீடு இடிந்தால் சாகப்போவது தன் அம்மாவும் தங்கையும் அண்டை வீட்டாரும் என்று தெரிந்த பிறகுதான் அது ஆகிறது.

சத்தம் போட்டால் வலிக்குமா?

2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வந்தது. சூர்யாவின் உழைப்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் முதல் காட்சி முடிந்து வெளியே வந்தவர்கள் முதலில் பேசியது சத்தத்தைப் பற்றி. ஒலியளவைக் குறைத்து ஓட்டும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. படத்தைப் பாராட்டி எழுதிய சூர்யாவின் மனைவி ஜோதிகாவும், முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் அதிகம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இது ஒரு படத்தின் கோளாறு மட்டும் அல்ல. பெரிய படம் என்றால் பின்னணி இசை நெஞ்சில் இடிக்க வேண்டும், ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொரு திரும்புதலுக்கும் முழக்கம் வேண்டும் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. குழம்பில் உப்பு குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம், கூடிப்போனால் என்ன செய்வது? எல்லா இடத்திலும் ஓங்கி ஒலித்தால், உண்மையிலேயே ஓங்கி ஒலிக்க வேண்டிய இடத்துக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

அதே 2024இல் ஆகஸ்ட் 23 அன்று வந்த 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம். பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, பிறகு நம் ஊருக்கு வந்தது. அன்னா பென் நடித்த மீனா யாரோடும் பேசுவதில்லை. அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பேயோட்டக் கூட்டிப்போகிறது. அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் பாண்டியாக சூரி, தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலோடு கூடவே வண்டியில் வருகிறார். வழியில் எங்கோ ஒலிக்கும் பாட்டை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான். பாண்டி பாய்ந்து அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களுக்கும் அடி விழுகிறது. டிரம்ஸ் இல்லை, ஸ்லோமோஷன் இல்லை. அறை விழும் சத்தமும் ஆட்டோவுக்குள் எழும் கூச்சலும் மட்டுமே. நான் பார்த்த அரங்கில் யாரும் அசையவில்லை. நூறு பேரை அடித்துப் போடும் காட்சியில் கிடைக்காத நடுக்கம், ஆட்டோவுக்குள் நடந்த அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

பாதையை மறித்து நிற்கும் மாட்டைக் கண்டு ஆண்கள் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிற காட்சியும் அதே படத்தில்தான். ஆண்மை என்று நம் படங்கள் முப்பது நிமிட வசனத்தில் பேசுவதை வினோத்ராஜ் ஒரு மாட்டை வைத்துக் கேள்வி கேட்டுவிட்டார்.

கத்தி இல்லாத சண்டைகள்

இந்த ஆண்டுகளில் நான் பார்த்த மிகப் பயங்கரமான சண்டைப் படம் எது என்று கேட்டால், 'பார்க்கிங்' என்றுதான் சொல்வேன். 2023 டிசம்பர் 1 அன்று வந்தது. கீழ் வீடு, மேல் வீடு என்று இரண்டு குடித்தனம், வண்டி நிறுத்த ஓர் இடம். ஹரிஷ் கல்யாண் ஐடி வேலையில் இருக்கும் இளைஞர். கர்ப்பிணி மனைவிக்காகக் கார் வாங்குகிறார். எம்.எஸ். பாஸ்கர் பல ஆண்டுகளாக அதே வீட்டில் இருக்கும் நேர்மையான அரசு அதிகாரி. கார் வந்ததும் அவருடைய பைக்குக்கு இடம் இல்லை. இளைஞரின் காருக்குப் போட்டியாக, காசு எண்ணிச் செலவு செய்த அந்த மனிதர் தானும் ஒரு கார் வாங்குகிறார். அங்கிருந்து படம் பிடிக்கிற வேகம் எந்தத் துரத்தல் காட்சிக்கும் குறைந்தது அல்ல.

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. தண்ணீர் மோட்டார், மாடிப்படி, கோலம் போடும் இடம் என்று ஏதோ ஒன்றில் ஆரம்பிக்கும். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. யாராவது ஒருவர் இறங்கி வந்தால் முடிந்துவிடும், ஆனால் இருவருமே இறங்க மாட்டார்கள். இயக்குநர் ராம்குமார் பாலகிருஷ்ணன் இதை அப்படியே எழுதினார். 2023ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை, எம்.எஸ். பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் என மூன்று விருதுகள் கிடைத்தன. எத்தனையோ ஆண்டுகள் ஓரத்தில் நின்று நடித்த ஒரு கலைஞருக்கு அந்த விருது வந்தபோது சொந்த வீட்டுக்கு வந்ததைப்போல் இருந்தது.

2024 செப்டம்பர் 20 அன்று வந்த 'லப்பர் பந்து' படத்திலும் ஆயுதம் இல்லை. கையில் இருப்பது ரப்பர் பந்து. 'அட்டகத்தி' தினேஷ் நடித்த 'கெத்து' அந்த வட்டாரத்தின் பேட்ஸ்மேன். அவர் ஆட்டத்தில் உள்ள குறையை ஹரிஷ் கல்யாணின் அன்பு வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அந்த அன்பு விரும்பும் பெண், கெத்துவின் மகள். மாமனாரும் மருமகனும் மைதானத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து இதற்குள் இன்னொரு சண்டையையும் வைத்திருக்கிறார். 'ஜாலி ஃப்ரெண்ட்ஸ்' அணியில் அன்புக்கு இடம் கிடைக்காததற்குக் காரணம் ஆட்டம் அல்ல, சாதி. ஊர் மைதானங்களில் எத்தனையோ பேருக்கு நடந்ததை, விஜயகாந்த் பாட்டும் சிரிப்புமாகப் போகும் படத்தின் நடுவில் அவர் சொல்லிவிட்டார். கெத்துவின் மனைவி யசோதையாக ஸ்வாசிகா நிற்கும் தோரணைக்கு முன் எந்த மாஸ் அறிமுகமும் எடுபடாது.

துப்பாக்கி யார் கையில்?

போலீஸ் சுடுவதற்குக் கைதட்டிப் பழகியவை நம் அரங்கங்கள். த.செ. ஞானவேலின் 'வேட்டையன்' அந்தக் கைதட்டலையே கதையாக எடுத்துக்கொண்டது. ரஜினியின் என்கவுன்டருக்கு விசில் பறக்கிறது. பிறகுதான் தெரிகிறது, ஓர் ஆசிரியையின் கொலைக்காக அவசரமாகச் சுட்டுக் கொல்லப்பட்டவன் கொலைகாரனே இல்லை. பெரிய நட்சத்திரத்தை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்ததற்கு மரியாதை தர வேண்டும். ஆனாலும் படம் ஸ்டைலையும் விடவில்லை, கேள்வியையும் விடவில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே போயின.

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் அந்தத் தயக்கம் இல்லாத படம். ஜெயமோகனின் 'துணைவன்' கதையிலிருந்து பிறந்தது. 2023 மார்ச் 31 அன்று வெளியானது. இதிலும் நாயகன் சூரிதான். மலை முகாமில் ஜீப் ஓட்டும் கடைநிலைக் காவலர் குமரேசன். தேடுதல் என்ற பெயரில் பெண்களை ஸ்டேஷனில் அடைத்துக் கொடுமை செய்யும் காட்சிகளை, 1992இல் வாச்சாத்தி கிராமத்தில் பெண்களுக்கு நடந்ததை நினைக்காமல் பார்க்க முடியாது. படம் வந்த அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று, வாச்சாத்தி வழக்கில் 215 பேருக்கு விதிக்கப்பட்ட தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து. சீருடைக்குள் இருக்கும் ஒருவன் மனசாட்சியோடு தவிப்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் குறைவு.

சீருடையின் மறுபக்கத்தை 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' சொன்னது. 2014 ஏப்ரல் 25 அன்று சோபியானில் நடந்த மோதலில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி கதையை மனைவி இந்துவின் நினைவிலிருந்து சொல்லத் தீர்மானித்தபோதே படம் பாதி வென்றுவிட்டது. முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே உட்கார்ந்திருக்கிறோம். போன் மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் சாய் பல்லவியின் முகத்தைத்தான் பார்க்கிறோம். காஷ்மீர் மக்களின் முகங்களும் அதே நெருக்கத்தில் தெரிந்திருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும். ஆனால் ஒரு சாவின் விலையைக் கொடுப்பது யார் என்பதில் அந்தப் படத்துக்குக் குழப்பமே இல்லை.

பெண்ணின் வலி யாருடைய கதை?

நல்ல படங்களிலும் எனக்குத் தீராத ஒரு மனக்குறை உண்டு. நாயகனுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ கொடுமை நடக்க வேண்டும் என்பது நம் ஆக்‌ஷன் படங்களின் எளிய வழியாகிவிட்டது. 'மகாராஜா'வே அந்த வழியில்தான் போகிறது. நித்திலன் மகளுக்கும் குரல் கொடுத்து, குற்றவாளியை அவளே நேருக்கு நேர் சந்திக்க வைத்ததால் அது ஓரளவு காப்பாற்றப்பட்டது. பல படங்களில் அந்தப் பெண்ணுக்கு அதன் பிறகு காட்சியே இருக்காது.

இதற்கு வேறு வழி இருக்கிறது என்று காட்டியது சு. அருண்குமாரின் 'சித்தா'. 2023 செப்டம்பர் 28 அன்று வந்தது. அண்ணன் மகளைக் கண்ணாக வளர்க்கும் சித்தப்பாவாக சித்தார்த். குழந்தைக்குக் கொடுமை நடந்தபின் அவரும் அரிவாளைத்தான் தேடுகிறார். நிமிஷா சஜயன் நடித்த சக்தி அங்கே குறுக்கே நிற்கிறாள். உன் கோபம் இருக்கட்டும், அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்று பார்த்தாயா என்பதுதான் அவள் கேட்பதன் சாரம். பழிவாங்குவது ஆணின் ஆறுதல், ஆற்றுவது குழந்தைக்குத் தேவை. இந்த வேறுபாட்டைச் சொன்ன படத்தை ஒவ்வொரு ஆக்‌ஷன் இயக்குநரும் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

ரத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஜெயிலர்' படத்தில் தலை துண்டாகும் காட்சியைக் குழந்தைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். 2025 ஆகஸ்ட் 14 அன்று வந்த 'கூலி'க்கு ஏ சான்றிதழ். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரஜினி படத்துக்குப் போவது நம் ஊரில் தலைமுறைகளாக வரும் பழக்கம். அந்தக் குழந்தைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சான்றிதழ் நேர்மையானது என்றே நினைக்கிறேன். கேள்வி வேறு. 'பாட்ஷா' படத்தில் ரஜினியின் மாணிக்கம் திருப்பி அடித்தபோது ரத்தம் எவ்வளவு தெரிந்தது? அந்த அடிக்கு முன்னால் மாணிக்கம் எத்தனை அவமானத்தை விழுங்கினார்? கனம் அங்கே இருந்தது.

கத்தரியும் கருத்தும்

2024இல் மூன்று படங்கள் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டப்பட்டன. 'இந்தியன் 2', 'கங்குவா', 'மெய்யழகன்'. முதல் இரண்டையும் வெட்டியதில் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. மூன்றாவதில் இருந்தது. சி. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' படத்திலிருந்து சுமார் 18 நிமிடம் போனது. அரவிந்த்சாமியின் அருள்மொழி, விட்டுப்போன ஊருக்குத் தங்கை முறையான புவனாவின் கல்யாணத்துக்காக வருகிறார். 'அத்தான்' என்று ஒட்டிக்கொள்ளும் ஒருவன் (கார்த்தி) ராத்திரி முழுக்க உபசரிக்கிறான். அவன் பெயர் அருளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். வில்லனும் கிடையாது, அடிதடியும் கிடையாது. அன்பாக இருக்கும் ஒருவனின் பெயர் தெரியாத குற்ற உணர்ச்சியே மூன்று மணி நேரத்தை இழுத்துப் பிடித்து நிறுத்தியது. அந்தப் பேச்சுதான் படம். அதை நீளம் என்று வெட்டினால் என்ன மிஞ்சும்?

2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு சேர்ந்து வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் இதையே நிரூபித்தது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து கடல்வழி வந்த தமிழ்க் குடும்பம், யாரும் யாரோடும் பேசாத சென்னைத் தெரு ஒன்றில் குடியேறுகிறது. போலீஸ் தேடுகிறது. ஆனால் படத்தின் உச்சம் துரத்தல் அல்ல. அந்தத் தெருவில் ஒரு மூதாட்டி இறந்துபோக, சசிகுமாரின் தர்மதாஸ் வீடு வீடாகப் போய்த் தெருவையே அந்தச் சாவு வீட்டுக்குக் கூட்டிவருகிறார். அபிஷன் ஜீவிந்தின் முதல் படம் இது. பெரிய நட்சத்திரப் படத்தின் பக்கத்தில் நின்று, பார்த்தவர்கள் பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லியே ஓடியது.

அப்படிச் சொல்வதைத்தான் சிலர் நிறுத்தப் பார்த்தார்கள். 'கங்குவா'வுக்குப் பிறகு, தியேட்டர் வாசலில் ரசிகர்களின் கருத்தை யூடியூபர்கள் படம் பிடிக்க அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் கோரினார்கள். படம் வெளியான முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு நீதிமன்றத்துக்கும் போனார்கள். பொதுவாகத் தடை விதிக்க முடியாது, விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடாக இருந்தது. தனிமனிதத் தாக்குதலும் காசு வாங்கிக்கொண்டு திட்டுவதும் தவறுதான். அதில் தயாரிப்பாளர்களின் வலி நியாயமானது. ஆனால் குடும்பத்தோடு வந்து, டிக்கெட்டுக்கும் பார்க்கிங்குக்கும் பாப்கார்னுக்கும் செலவு செய்தவர் "தலை வலிக்குது" என்று சொன்னால் அது அவதூறு ஆகாது. 'லப்பர் பந்து'வையும் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யையும் தூக்கி நிறுத்தியது அதே வாய்தான்.

புதிய பெரிய படத்தை அறிவிக்கும்போது எத்தனை மொழி, எத்தனை கோடி, எத்தனை கெஸ்ட் ரோல் என்று பட்டியல் வருகிறது. அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. திருவிழாவாக ஒரு படம் வந்தால் விசிலடிக்க முதல் வரிசையில் நாங்கள்தான் நிற்போம். கதை எழுத உட்காரும்போது மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதிக்கொள்ளுங்கள். இவன் யார்? யாருக்காக அடிக்கிறான்? அடித்து முடித்த மறுநாள் காலை அந்த வீட்டில் என்ன நடக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை இருக்கிற படத்துக்கு நட்சத்திரம் யார், நீளம் எவ்வளவு என்று நாங்கள் கேட்டதே இல்லை. 'பார்க்கிங்' ஓடியதும் 'மகாராஜா' ஓடியதும் அப்படித்தான். விடை இல்லாத படத்தை எந்த ஸ்பீக்கராலும் காப்பாற்ற முடியாது.